டீயை நிறுத்திய மாதம்

கண்ணாடி கிளாஸ்கள் செருகிய கம்பி ஸ்டாண்டு ஒன்று காலையும் மாலையும் எங்கள் பட்டறைக்குள் வரும். மண்ணூர்பேட்டையில் நான்கு லேத் மெஷின் ஓடிய சின்னப் பட்டறை அது. நான் பில் போடுகிறவள். ஆவடியில் இருந்த அரசாங்கத் தொழிற்சாலைக்கு உதிரி பாகம் கடைந்து கொடுத்துத்தான் எங்கள் தெருவே சோறு தின்றது. ஒரு வருடம் அரசாங்கம் கையை இறுக்கிக்கொண்டது, ஆர்டர் நின்றது. முதலாளியம்மா கெட்டிக்காரி, முதல் வேலையாக ஆட்களுக்குக் கொடுத்த டீயை நிறுத்தினார். தெருவில் எல்லோருமே கெட்டிக்காரர்கள்தான். எல்லாப் பட்டறையிலும் டீ நின்றது. முனையில் இருந்த டீக்கடை பூட்டிக்கொண்டது. அப்படியும் சமாளிக்க முடியாமல், முதலாளியம்மா மாதக் கடைசியில் நான்கு ஆட்களையும் அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தார். அவர்களில் ஒருவரின் மனைவிக்கு நிறைமாதம்.

ஒரு மதியம் பாடிப் பக்கமிருந்து வந்த லாரிக்காரர் ஒருவர் பூட்டிய கடையைப் பார்த்து விழித்தார். "இன்னாம்மா, கடை இல்லியா? கடையற வேலை ஒண்ணு கீது. இங்க குந்திகினு விசாரிச்சா யாராச்சும் கெடைப்பாங்கன்னு வந்தேன்" என்றார். நான் முதலாளியம்மாவை அழைத்து வருவதற்குள் வண்டி போய்விட்டது. எந்தப் பட்டறையில் மெஷின் சும்மா இருக்கிறது என்ற பேச்செல்லாம் அந்த டீக்கடை பெஞ்சில்தான் நடக்கும். வெளிவேலை வந்த வழியை நாங்களே அடைத்திருந்தோம்.

அன்றே முதலாளியம்மா டீக்கடைக்காரர் வீட்டுக்குப் போனார்.

"நாளைக்குக் கடையத் தொற அண்ணாத்தே. எங்க ஆளுங்களுக்கு ரெண்டு வேளையும் டீ."

"உனக்கே வேலை இல்ல. டீ எதுக்கும்மா?"

"வேலை இல்லாதப்பதான் வேணும்."

கடை திறந்தது. லாரிக்காரரும் வேறொரு வேலையோடு வந்தார். வேலை போனதோ எதிர்ப் பட்டறைக்கு. எனக்கு வயிறு எரிந்தது. நம் காசில் டீ, வேலை அவர்களுக்கா என்று கேட்டேவிட்டேன். முதலாளியம்மா முகமும் வாடித்தான் இருந்தது. "அவன் புதுசா ஆளு சேத்துகினானாம். அவங்களும் இங்கதான குடிப்பாங்க? கடை நிக்கும்" என்றார்.

நாட்டின் வளர்ச்சி படுத்துவிட்டால் அரசாங்கம் செலவைக் கூட்டுவதா குறைப்பதா என்று இப்போது டிவியில் கோட்டு போட்டவர்கள் சண்டை போடுகிறார்கள். அரசாங்கம் ஒன்றும் பட்டறை இல்லை, தெரியும். ஆனாலும் செலவைக் குறைக்கணும் என்று எவராவது வாய் திறந்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. யாருடைய செலவு யாருடைய வரும்படி என்று அவர்கள் ஒரு முறையாவது தெருவில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

மாதக் கடைசி வந்தது. நான்கு பேரையும் ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டு நிற்க வைத்துவிட்டு, முதலாளியம்மா பேச்சை ஆரம்பிக்க முடியாமல் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாசலில் எதிர்ப் பட்டறைக்காரர் வந்து தயங்கி நின்றார். எங்கள் படியை அவர் மிதித்து வருடக்கணக்கு ஆகியிருந்தது.

"யக்கா, வேலை நெறய வந்துட்சி. என்னால முடியல. பாதிய நீ எடுத்துக்கினா நல்லாருக்கும்."

அவர் போன பிறகும் நான்கு பேரும் அப்படியே நின்றார்கள். "எதுக்கும்மா கூப்ட்ட?" என்று கேட்டார், அந்த நிறைமாதக்காரியின் கணவர்.

"ஒண்ணுமில்ல. போய் மெஷினப் போடுங்க" என்றார் முதலாளியம்மா.