எங்கள் காருக்கு வாங்கிய கன்வெர்ட்டர்

எங்களிடம் இருந்தது பழைய ஆட்டோமேட்டிக் கார். கல்யாணமான புதிதில் நானும் என் மனைவியும் ஆசைப்பட்டு வாங்கியது. வேகம் அவளுக்குத்தான் பிடிக்கும். என்ஜினில் கேம் ஷாஃப்டை மாற்றச் சொன்னவளும் அவள்தான். மாற்றிய பிறகு நெடுஞ்சாலையில் வண்டி பறந்தது. ஆனால் சிக்னலில் பிரேக்கை மிதித்து நின்றால் முழு வண்டியும் உதறும், சில நேரம் அணைந்தே போகும். இருவரும் சிரித்துக்கொள்வோம்.

அவளுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை ஆன பிறகு அப்படிச் சிரிக்க முடியவில்லை. சென்னை ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் வழியில், ஒவ்வொரு சிக்னலிலும் சீட் பெல்ட் தையலில் படாமல் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள்.

ஒருநாள் திரும்பும்போது வாலாஜாபாத் சாலையில் எங்கள் மெக்கானிக்கின் ஷெட்டில் நிறுத்தினேன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

“கேமை மாத்திட்டு டார்க் கன்வெர்ட்டரை அப்டியே வுட்டா இப்டிதான். என்ஜின் சுத்துறதை அதுக்குள்ள இருக்குற ஆயில்தான் கியர் பாக்ஸுக்குக் கொண்டுபோவுது. பழசு சீக்கிரமே புடிச்சிக்குது, நிக்கும்போதே என்ஜினை இழுத்து உதற வெக்குது. கொஞ்சம் லேட்டா புடிக்கிறது போடணும்.”

“ரொம்ப லேட்டா புடிக்கிறது போட்டா?”

“கெளம்பும்போது சீறும். ஆனா டவுன்ல ஊர்ந்துக்கினு போனா ஆயில் சூடாயிடும், பெட்ரோலும் குடிக்கும். ரேஸுக்கா போற? வெயிட்டையும் பாத்து எடுக்கலாம். வழக்கமா எத்தினி பேர் போவீங்க?”

“ரெண்டு பேர்.”

காருக்குள் இருந்த என் மனைவி கண்ணாடியை இறக்கினாள். “ஒருத்தர்னு வெச்சிக்கோங்கண்ணா.”

மெக்கானிக் துணியை எடுத்து, சுத்தமாக இருந்த கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“இன்னா பேச்சு இது?” என்று அவளிடம் கத்தினேன்.

“அந்த கன்வெர்ட்டர் வர்றதுக்கே நாளாவும்பா,” என்றாள். “ நீ தனியா போவும்போது வண்டி நடுரோட்டுல நின்னுடக் கூடாது.”

பழையதைவிடச் சற்றே தாமதமாகப் பிடிப்பதை அவளே முடிவு செய்தாள்.

அது வந்து சேர்ந்தபோது அவளுக்குக் காரியம் முடிந்திருந்தது. வேண்டாம் என்று சொல்லத்தான் ஷெட்டுக்குப் போனேன். மெக்கானிக் ஒன்றும் கேட்காமல் என் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டார். கியர் பாக்ஸை இறக்கி, மாற்றி, ஆயில் சூடாகாமலிருக்க முன்னால் ஒரு சின்ன கூலரும் வைத்தார்.

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். அவர் முன்கதவைத் தொடவில்லை. பின்கதவைத் திறந்து பின்சீட்டில் உட்கார்ந்தார்.

முகூர்த்த நாள். மூங்கில் மண்டபம் சிக்னலில் பட்டு வாங்க வந்தவர்களின் வேன்களுக்கு நடுவே நின்றோம். வண்டி கொஞ்சமும் அசையவில்லை.

“உதறுதாப்பா?”

“இல்லண்ணா.”

பச்சை விழுந்தது. பின்னாலிருந்த பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. என்னால் பிரேக்கிலிருந்து காலை எடுக்க முடியவில்லை. மெக்கானிக் இறங்கி வந்தார். வண்டிகளை ஒதுங்கிப் போகச் சொல்லிக் கையைக் காட்டிக்கொண்டு, நான் அழுது முடிக்கும்வரை என் கதவருகிலேயே நின்றார்.