எட்டு வராத வண்டி

என் அக்கா புருஷன் வெள்ளியங்கிரி ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல ஓர் இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சாப்பிடும்போதுகூட ஒரு காலை மடக்கி, மறுகாலைக் குத்துக்காலிட்டு, எந்த நேரமும் எழுந்துவிடத் தயாராக இருப்பார். இருபத்தெட்டு வருஷம் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஆந்திரா, தெலங்கானா என்று ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போட்டவர். மழைக்காலத்தில் வண்டி திரும்பினால் ஒரு மாதம் வீட்டில் இருப்பார். மற்றபடி என் அக்கா வசந்தாமணிக்குப் புருஷன் என்பது போனில் வரும் குரல்தான்.

போன ஐப்பசியில் முதலாளி ரிக்கை விற்றுவிட்டார். மச்சான் பெட்டி படுக்கையோடு வீடு வந்து சேர்ந்தார். அன்றோடு அக்காவின் நிம்மதி போயிற்று. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கிணற்று மோட்டாரைக் கழற்றிப் போட்டார். மாட்டுக்கொட்டகைத் தகரத்தைப் பிரித்து மறுபடி அடித்தார். காலையில் மூன்று தடவை பைபாஸ் வரைக்கும் நடந்துபோய் லாரிகளைப் பார்த்துவிட்டு வந்தார். இதற்கு நடுவில் வாரங்கல்லில் இருந்து ஒரு ரிக் முதலாளி தினமும் போன் போட்டு, எப்போது வருகிறாய் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"இந்த மனுசன் மறுபடியும் ஓடீருவாரு, பாத்துக்க பிரகாசு" என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு அவள் சிரிப்பு தெரியும். உள்ளுக்குள் பயந்துபோயிருந்தாள்.

மச்சானுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். ஒருநாள் திடீரென்று, "காரு ஒண்ணு வாங்கறேன் வசந்தா. நீ எங்க சொல்றயோ அங்க கூட்டீட்டுப் போறேன்" என்றார்.

"நம்பரு கூட்டுனா எட்டு மட்டும் வரக் கூடாதுங்க" என்றாள் அக்கா. வேறு ஒன்றுமே கேட்கவில்லை.

வண்டி எண்ணின் நான்கு இலக்கத்தையும் கூட்டி, எட்டு வந்தால் முகம் சுளிப்பவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். அக்காவுக்கு அது வெறும் முகச்சுளிப்பு இல்லை. கல்யாணமாகி மூன்றாம் வருஷம், ஆறு மாதக் கர்ப்பிணியாக இருந்தவள், வயிற்றுவலி என்று மொபெட்டை எடுத்துக்கொண்டு தனியாக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். மல்லசமுத்திரம் ரோட்டில் ஜல்லியில் சறுக்கி விழுந்தாள். குழந்தை தங்கவில்லை. அதற்குப் பிறகும் தங்கவில்லை. மச்சான் ஐந்தாம் நாள் வந்து சேர்ந்தார். அந்த மொபெட்டின் எண்ணை யாரோ கூட்டிப் பார்த்தார்கள். எட்டு. அன்றிலிருந்து நாங்கள் எல்லோரும் எட்டைத் திட்டினோம். எட்டைத் திட்டுவது எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

சேலத்தில் இல்லாத காரா? ஆனால் மச்சான் ஐதராபாத்தில்தான் வாங்குவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். அங்கே விலை குறைவாம், தனக்குத் தெலுங்கு தெரியுமாம். அவருக்கு ஊரைவிட்டுக் கிளம்ப ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான். என் பேட்டரிக் கடையைப் பூட்டவைத்து என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ரயிலில் அவருக்குப் போட்டிருந்த சீட்டில் பெரும்பாலும் என் பைதான் உட்கார்ந்து வந்தது.

அங்கே இரண்டு கார்கள் தோதாகப் பட்டன. ஒன்று சாம்பல் நிறம், கீறல் இல்லை, ஒரு டாக்டர் அம்மா ஓட்டியது. தொட்டுப் பார்க்கவே ஆசையாக இருந்தது. எண்ணைக் கூட்டினோம். இருபத்தாறு; இரண்டும் ஆறும் எட்டு. மச்சான் அந்தக் காரின் பக்கம் அப்புறம் திரும்பவே இல்லை. இன்னொன்று வெள்ளை. கதவில் ஒடுக்கு, ஏசி இருமியது, கிளட்ச் தேய்ந்திருந்தது. எண் 4722. கூட்டினால் பதினைந்து, அதாவது ஆறு.

"ஆறு மகாலட்சுமி நம்பரு மாப்ள!" என்று என் முதுகில் ஓர் அறை வைத்தார். விற்றவர் எங்கள் முகத்தைப் பார்த்ததும் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் மச்சான்தான் ஓட்டினார். அப்படிச் சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு ஊர் வரும்போதும், "இங்க எழுநூறு அடி போட்டும் புகைதான் வந்துச்சு", "இங்க நூத்திருவதுலயே தண்ணி பொங்கீருச்சு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். இந்த மனிதருக்கு வீடு இங்கேதான் இருக்கிறது, ஊரில் இருப்பது அக்கா மட்டும்தான் என்று தோன்றியது.

வெளி மாநில வண்டியை இங்கே பதிய வேண்டும் என்றால் அந்த ஊர் ஆர்டிஓ தடையில்லாச் சான்று தர வேண்டும். அது வருவதற்கு நாற்பது நாள் ஆயிற்று. அந்த நாற்பது நாளும் கார் ஷெட்டில் நிற்க, மச்சான் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார். தினமும் கழுவினார். சான்று வந்து, வரி கட்டி, எங்கள் ஊர் ஆர்டிஓ ஆபீஸில் வண்டியைக் காட்டி முடித்த அன்று, அங்கிருந்த ஏஜென்ட் புது ஆர்சியை நீட்டினார்.

TN 34. எண் 5381.

மச்சான் விரல்விட்டுக் கூட்டினார். மறுபடி கூட்டினார். "இதென்ன நம்பருங்க? எங்க வண்டி நம்பரு 4722 ஆச்சுங்களே?"

"அது தெலங்கானா நம்பருங்க. இங்க மாத்துனா புது நம்பருதானுங்க வரும்" என்றார் ஏஜென்ட், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "வேணுங்கற நம்பருன்னா முன்னாலயே கேட்டிருக்கோணும்."

பதினேழு. எட்டு.

இருபத்தெட்டு வருஷம் மாநிலம் மாநிலமாகச் சுற்றிய மனிதருக்கு இது தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அந்தச் சாம்பல் நிறக் கார் என் கண்ணுக்குள் வந்து நின்றது. எங்கள் இரண்டு பேரையும் நிற்கவைத்து உதைக்கலாம்.

வீட்டுக்கு வந்தவர் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்ப் பையில் துணியைத் திணித்தார். "ஐதராபாத்துக்கே கொண்டுபோயி வித்துப்போட்டு வேற வாங்கியாரேன். நாளைக்கே கெளம்பறேன்" என்றார். அந்தப் பை வாரங்கல் ரிக்குக்குத்தான் போகும், திரும்பி வராது. அக்காவுக்கும் அது தெரியும்.

அக்கா ஆர்சியை வாங்கிப் பார்த்தாள். கூட்டினாளா என்று தெரியவில்லை. வாசலில் நின்ற காரின் முன் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

"எறங்கு வசந்தா. எட்டு அது" என்று மச்சான் பின்னாலேயே ஓடிவந்தார்.

"இருக்கட்டுமுங்க."

"நீதான எட்டு ஆகாதுன்ன?"

அக்கா முன்னால் பார்த்தபடியே பேசினாள். "அன்னைக்கு நம்பரா வண்டி ஓட்டுச்சு? நாந்தானுங்க ஓட்டுனேன். வயித்தப் புடிச்சுக்கிட்டு ஒத்தையில ஓட்டுனேன். நீங்க இருந்திருந்தா நான் எதுக்குங்க ஓட்டறேன்? உங்களையச் சொல்ல வாய் வராம, இத்தன வருசமா எட்டையச் சொல்லீட்டிருந்தேன்."

மச்சான் பையோடு அப்படியே நின்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். பையை என் கையில் கொடுத்துவிட்டு, சுற்றிப் போய் ஸ்டியரிங் முன்னால் ஏறினார். சாவியைப் போட்டார்.

"எங்க போலாம், சொல்லு" என்றார்.

"எங்கயும் போக வேண்டாம்" என்றாள் அக்கா. "சித்த நேரம் எம்பக்கத்துல சும்மா உக்காந்திருங்க."