எங்கள் தெருவில் அன்று எதுவும் நடக்கவில்லை

போன வருடம் கோடை தொடங்கிய சமயம். சேலத்தில், வெள்ளிக் கொலுசு வேலை நடக்கும் எங்கள் தெருவின் முக்கில் ஒரு கொலை விழுந்துவிட்டது. வெட்டியவர்களும் வெளியூர், வெட்டுப்பட்டவரும் வெளியூர். பழைய பகை ஒன்றைத் தீர்த்துக்கொள்ள எங்கள் முக்குதான் அவர்களுக்கு வாகாக இருந்திருக்கிறது.

மறுநாள் காலையில் டிவிக்காரர்கள் வந்து இறங்கினார்கள். நானோ, யாராவது மைக்கை நீட்ட மாட்டார்களா என்று பல வருடங்களாகக் காத்திருப்பவன். இஸ்திரி போட்ட சட்டைக்கு மாறிக்கொண்டு, தற்செயலாக வந்தவன்போல் அந்தப் பக்கம் நடந்தேன். நிருபர் பிடித்துக்கொண்டார். குற்றத்துக்கும் வறுமைக்கும் உள்ள தொடர்பு, ஒரு சம்பவத்தை வைத்து ஒரு தெருவையே எடைபோடுவதன் அபத்தம் என்று நான்கைந்து நூல்களைக் கரைத்துக் குடித்ததையெல்லாம் அங்கேயே கொட்டினேன். நடுவில் அவர், “ராத்திரியில இங்க நடக்கப் பயமா இல்லையா சார்?” என்று கேட்டார்.

“பயந்தான். முக்குல மூணு நாய் இருக்கு. அதுங்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாது” என்றேன். என் நகைச்சுவைக்கு நானே சிரித்தும் வைத்தேன்.

சாயங்காலம் குடும்பத்தோடு டிவி முன்னால் உட்கார்ந்தோம். ‘ரவுடிகளின் பிடியில் ஒரு தெரு’ என்று தலைப்பு. திகில் இசை. எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த புடவையைக்கூட மெதுவாக ஆடவிட்டு மர்மமாக்கியிருந்தார்கள். அடுத்தது நான். “பயந்தான்.” அவ்வளவுதான். நூல்களும் போயின, நாய்களும் போயின. என் முகத்துக்குக் கீழே ‘அச்சத்தில் உறைந்த முதியவர்’ என்று எழுத்து ஓடியது. ரவுடிகள் பிடியில் என்றதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். எனக்கு ஐம்பத்து மூன்று வயதுதான் ஆகிறது.

“முதியவரே, சாப்பிட வாங்க” என்றாள் என் மனைவி.

சிரிப்பு அன்றோடு முடிந்தது. எங்கள் தெருவின் பிழைப்பு எப்படியென்றால், செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்து வியாபாரிகள் வெள்ளிக் கம்பியையும் வளையத்தையும் வீடுகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். பெண்கள் வாசலில் உட்கார்ந்து கோத்து, பற்றவைத்து, சலங்கை முத்து கட்டிக் கொலுசாக்கித் திருப்பிக் கொடுப்பார்கள். கையெழுத்து, காகிதம் எதுவும் கிடையாது. வாய்வார்த்தையும் தராசும்தான். தெருவில் பாதி வீடுகளுக்கு அதுதான் சோறு. எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்மணிதான் பத்துப் பதினைந்து வீடுகளுக்கு வேலை வாங்கிப் பிரித்துக் கொடுப்பவர்.

இரண்டு நாள் கழித்து அவர் என் வாசலில் வந்து நின்றார்.

“ஏனுங்ணா, பயமா இருக்குதுன்னு டிவில சொன்னீங்களாமா?”

“நாய்க்குப் பயம்னு சொன்னேம்மா.”

“நாயி டிவில வரலீங்களே.”

பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். மறுமுனையில் வியாபாரி. “அம்மணி, உங்க மேல எனக்குச் சந்தேகமில்ல. ஏரியாதான் சரியில்லைங்கறாங்க. கைல இருக்கறத முடிச்சுக் குடுத்துருங்க. புதுசு அப்பறம் பாக்கலாம்.”

“நாங்க வேற, ஏரியா வேறயாங்க மொதலாளி?”

“கடைல ஆளு நிக்கறாங்க அம்மணி, அப்பறம் பேசலாம்.”

“செரிங்க. கைல இருக்கறத பூராவும் நாளைக்கே கொண்டாறோம்” என்று சொல்லிப் போனை வைத்தார்.

வழக்கமாக வெள்ளி எப்படிப் போகும் தெரியுமா? துணிப்பையில் சுற்றி, கூடையின் அடியில் வைத்து, மேலே கொத்தமல்லித் தழையைப் பரப்பி, மொபெட்டில். மறுநாள் காலையில் பார்த்தால், பெண்கள் கொத்தமல்லியையும் மொபெட்டையும் விட்டுவிட்டு, வீட்டில் இருந்த தாம்பாளங்களைத் துலக்கி எடுத்து வந்து அவற்றில் கொலுசுகளைப் பரப்பியிருந்தார்கள். கல்யாணத்துக்குச் சீர்த்தட்டு தூக்குவதுபோல் கிளம்பிவிட்டார்கள். மேலே ஒரு கைக்குட்டைகூட மூடவில்லை.

“ஏம்மா, இவ்வளவு வெள்ளியைத் திறந்தாப்பலயா?” என்றேன்.

“ஒளிச்சு எடுத்துட்டுப் போனா அவிங்க சொன்னது நெசம்னு ஆயிருமுங்ணா. இந்தாங்க, நீங்களும் ஒரு தட்டுப் புடிங்க. பயந்தத ஊரே பாத்துது, நடக்கறதயும் பாக்கட்டும்.”

நடந்தேன். கொலை நடந்த அதே முக்கு வழியாகத்தான். வெயிலில் வெள்ளி கண்ணைக் கூசவைத்தது. கடைக்காரர்கள் வெளியே வந்து நின்று பார்த்தார்கள்.

எங்கள் தெருவில் ரவுடியே இல்லை என்று சாதிக்க மாட்டேன். ஒருவர் உண்டு. இரண்டு மூன்று வழக்குகளும் அவர்மேல் உண்டு. மெயின்ரோட்டு டீக்கடையில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவரைப் பார்த்ததும் என் கை தானாகத் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டது. பக்கத்து வீட்டுப் பெண்மணி கவனித்துவிட்டார்.

“என்னங்ணா, நீங்களும் அந்த டிவியத்தான் பாக்கறீங்களா?”

அதற்குள் அந்த மனிதர் டீயைக் கீழே வைத்துவிட்டு ரோட்டின் நடுவே வந்து கையை உயர்த்தினார். டவுன் பஸ் நின்றது. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது. “சீரு போகுதில்ல? கண்ணு தெரியல? செத்த நில்லுய்யா!” என்று ஒரு அதட்டல். லாரி அடங்கியது. நாங்கள் ரோட்டைக் கடந்தோம். அவர் திரும்பிப் போய் டீயை எடுத்துக்கொண்டார்.

வியாபாரி எங்களைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார். ஒவ்வொரு தட்டாகத் தராசில் ஏறியது. எடையில் ஒரு பொட்டுக்கூடக் குறையவில்லை.

“ஏன் அம்மணி, இப்பிடியே திறந்தாப்பலயா வந்தீங்க?”

“ஆமாங்க. எங்க ஏரியா வழியாத்தானுங்க.”

அவர் தராசை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு உள்ளே திரும்பி, “கம்பி எடுத்தாங்கப்பா, தட்டெல்லாம் காலியா இருக்குது பாரு” என்றார். காலித் தட்டோடு சீர் திரும்பக் கூடாது என்பது எங்கள் பக்கத்து முறை. அவருக்கும் அது தெரியும். போன மாதிரியே, ஏந்திய தட்டோடு திரும்பி வந்தோம்.

எனக்கு ஆசை அடங்கவில்லை. நிருபருக்குப் போன் செய்து நடந்ததையெல்லாம் சொன்னேன்.

“ஏதாவது பறிபோச்சா சார்?”

“இல்லை.”

“தகராறு?”

“இல்லை. ஒருத்தர் பஸ்ஸையும் லாரியையும் நிறுத்தினார்.”

“மறியலா?” அவர் குரலில் உயிர் வந்தது.

“நாங்க ரோட்டைக் கடக்க வழிவிடச் சொன்னார்.”

“அப்ப, ஒண்ணும் நடக்கலையே சார்” என்று வருத்தத்தோடு வைத்துவிட்டார்.

அவர் சொன்னது சரிதான். அத்தனை வெள்ளி, மூடாத தட்டுகளில், பட்டப்பகலில் எங்கள் தெரு வழியாகப் போனது, ஒன்றும் நடக்கவில்லை. இப்போதும் யாராவது எந்த ஏரியா என்று கேட்டால் தெருப் பெயரைச் சத்தமாகச் சொல்லிவிட்டு அவர்கள் முகம் மாறுவதற்காகக் காத்திருக்கிறேன், ஏனென்றால் அது மாறினால்தான் அந்த ஒன்றும் நடக்காத காலையைப் பற்றி நான் முதலிலிருந்து ஆரம்பிக்க முடியும்.