யூசுப்பா, ஜமாலா?

கொலையும் தீ விபத்தும் இல்லாத வாரத்தில் ஒரு ஜில்லா நிருபர் படும் பாடு, அந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்குத் தெரியாததல்ல. அறுபதுகளின் நடுவில் நான் கடலூரில் இருந்தபடி ஒரு சென்னைத் தினசரிக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

சோப்பு நுரை

கடலூர் ஓ.டி. என்ற பழைய டவுன் துறைமுகத்தில் மூட்டை ஏற்றும் யூசுப்பும், சிதம்பரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த ஜமாலும் ஆளுக்கொரு வருஷம் ஜில்லா குத்துச்சண்டைப் பட்டம் வாங்கியவர்கள். இருவரும் நேருக்கு நேர் மோதியதே இல்லை. மோதினால் யார் ஜெயிப்பார்? கடலூர் சலூனில் அந்த வாரம் முழுக்க இதே பேச்சு.

"யூசுப் ஒண்ணு விட்டான்னா ஜமால் சிதம்பரம் தாண்டிக் கீரப்பாளையத்துல போயி விழுவான்" என்றார் எனக்குச் சவரம் செய்துகொண்டிருந்தவர். கோர்ட் வேலையாகச் சிதம்பரத்திலிருந்து வந்து பெஞ்சில் காத்திருந்த ஒருவர், "குத்து விழற எடத்துல எங்க ஆளு நிக்கணுமில்ல?" என்றார். அதற்குப் பதில் சொல்லக் கத்தியோடு திரும்பியவர் திரும்பியவர்தான். என் கன்னத்தில் நுரை காய்ந்துவிட்டது. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார்: "நீங்க பேப்பர்ல எழுதிடுங்க சார். அதோட பேச்சு முடிஞ்சுடும்."

பாதிச் செய்தி

எழுதினேன். முதல் பாதியில் யூசுப்பின் இடக்கை, அடுத்த பாதியில் ஜமாலின் கால் வேகம், கடைசியில் முடிவு சொல்வதற்கில்லை என்று ஒரு வரி. பத்திரிகை ஆபீசில் இடம் போதாவிட்டால் செய்தியை அடியிலிருந்துதான் வெட்டுவார்கள். அன்றைக்கு இடம் போதவில்லை. யூசுப் மட்டும் அச்சில் வந்தார்.

மத்தியானமே எங்கள் பத்திரிகையின் சிதம்பரம் ஏஜென்ட் பஸ் பிடித்து வந்துவிட்டார். "ஜமாலோட தங்கச்சி மைமூனைத்தான் யூசுப்புக்குப் பேசியிருக்கு, அடுத்த வாரம் நிக்காஹ். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சொல்லித்தான் நீங்க இப்படிப் போட்டீங்கன்னு பொண்ணைப் பெத்த அத்தா அஜீஸ் பாய் குதிக்கறாரு. கல்யாணமே நடக்குமாங்கறது சந்தேகமா இருக்கு சார்!"

புதுச்சத்திரம் வரை

பதறிப்போய் மறுபடி எழுதினேன். இந்தத் தடவை ஜமால் மேலே, யூசுப் கீழே. அன்று பார்த்து ஒரு மந்திரியின் பேச்சு நீண்டுவிட்டது. ஜமால் மட்டும் அச்சில் வந்தார்.

மறுநாள் காலை, அஜீஸ் பாயை நேரில் பார்த்துவிடலாம் என்று சிதம்பரம் பஸ் ஏறினேன். பஸ் முழுக்கக் கடலூர்க்காரர்கள். நிருபர் சிதம்பரத்துக்கு விலைபோய்விட்டான் என்று என் முதுகுக்குப் பின்னாலேயே ஏசினார்கள். அவர்களுக்கு என் முகம் தெரியாது. கண்டக்டருக்குத் தெரியும். குனிந்து காதில் சொன்னார்: "பாதி வழி, புதுச்சத்திரம் வரைக்கும் பல்லைக் கடிச்சுக்குங்க சார். அதுக்கப்புறம் ஏறுறவுங்க சிதம்பரம் ஆளுங்க, உங்களைப் புகழுவாங்க."

தவிடு

நான் போனபோது அஜீஸ் பாய் வீட்டில் எனக்கு முன்பே யூசுப் வந்து உட்கார்ந்திருந்தார். எதிரே ஜமால். வெட்டிப் போட்டது சென்னை ஆபீஸ் என்று நான் சொன்னதை பாய் காதில் வாங்கவில்லை.

"ரெண்டு ஊரும் சிரிக்குது. நிக்காஹுக்கு முன்னாடி ரெண்டு பேரும் ஒரு தடவை மோதிடுங்க. முடியாதுன்னா நிக்காஹ் பேச்சே வேணாம்" என்றார்.

"மச்சான், நீ என்ன சொல்ற?" என்றார் யூசுப்.

"அத்தா சொன்னா நான் என்னத்தைச் சொல்றது?" என்ற ஜமால், தன் முஷ்டியைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

நான் நாளும் இடமும் குறிக்கத் தயாரானேன், தொழில் புத்தி. அப்போது அறைத் திரைக்குப் பின்னாலிருந்து மைமூனின் குரல் வந்தது: "தாராளமா மோதட்டும் அத்தா. யாரு ஜெயிச்சாலும் ரெண்டு மூஞ்சிக்கும் ஒத்தடம் போடப்போறது நான்தானே? தவிட்டை இப்பவே வறுத்து வைக்கறேன்."

ஒரே சஹன்

பாய் முறைக்கத்தான் முயன்றார். ஜமால் சிரித்துவிட, அவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. சண்டை இல்லாமலே சொன்ன நாளில் நிக்காஹ் நடந்தது. அவர்கள் விருந்தில் சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். பாய், யூசுப், ஜமால் மூவரோடு நாலாவதாக என்னை உட்கார வைத்தார்கள். மரியாதையா தண்டனையா, தெரியவில்லை. யூசுப் கறித்துண்டை மச்சான் பக்கம் தள்ள, அவர் அதைத் திருப்பித் தள்ள, இரண்டு ஊர்க்காரர்களும் தங்கள் சாப்பாட்டை விட்டுவிட்டு எங்களைச் சுற்றி நின்றார்கள். காட்டுமன்னார்கோயிலிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் என் தோளைத் தட்டினார்: "குத்து கிடக்கட்டும் சார். பிரியாணியில இவுங்க ரெண்டு பேருல யாரு ஜெயிப்பாங்க?"

நடந்த சண்டையை எழுதினால் தோற்ற ஊர் மட்டும்தான் நிருபரை ஏசும். நடக்காத சண்டையை எழுதினால் இரண்டு ஊரும் ஏசிவிட்டு விருந்தும் வைக்கும்.