பத்து மணிக்கு வந்த எஸ்தர் டீச்சர்

எங்கள் தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் முப்பது வருடம் பாடம் சொல்லித் தந்த எஸ்தர் டீச்சர் போன மாதம் காலமானார். ஒரு பிள்ளை வகுப்புக்கு வராவிட்டால், இடைவேளையில் வீட்டுக்கே வந்து விசாரிப்பார். எனக்கு அது தொந்தரவாகத்தான் தெரிந்தது.

என் மகள் கலா அப்போது இரண்டாம் வகுப்பு. மழை விட்ட ஒரு காலையில் அவளைத் தனியாக அனுப்பிவிட்டுத் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். பத்து மணிக்கு டீச்சர் வந்து நின்றார்.

"இன்னாம்மா, கலாவுக்கு ஒடம்பு சரியில்லையா?"

"எட்டரைக்கே கெளம்பிட்டாளே டீச்சர்!"

துணியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். இருவரும் அவள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே பள்ளிக்கூட வழியில் ஓடினோம். சுரங்கக் கழிவுமண் மேட்டின் பக்கம் அழுகுரல் கேட்டது. குறுக்குவழியில் போன கலா, ஈரச் சேற்றில் இடுப்புவரை புதைந்திருந்தாள். நான் பாய்ந்தேன்.

"எறங்காதீங்க! நீங்களும் மாட்டிக்குவீங்க!" என்று தடுத்த டீச்சர், குப்புறப் படுத்துத் தன் குடையை நீட்டினார். நான் அவர் கால்களை இறுகப் பிடித்துக்கொண்டேன். கலா குடையைப் பற்றிக்கொண்டு மெல்ல மெல்ல வெளியே வந்தாள். அதன் பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது.

இப்போது அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் சேர்த்துப் பள்ளி வாசல்வரை நானே கொண்டுவிடுகிறேன். யாராவது வராவிட்டால், அவர்கள் வீட்டில் போய்க் கேட்ட பிறகுதான் எனக்கு மற்ற வேலை.