யப்பான் படத்தில் நண்டு

எழுதத் தெரிந்தவர்கள் எழுதுகிற இடத்தில் நானும் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். என்னிடம் இருப்பது கனடாவில், எட்மண்டனில் சனிக்கிழமை வகுப்பில் படித்த தமிழ்தான்.

எனக்கு அப்போது எட்டு வயது. அம்மாவின் தம்பி எங்களோடு இருந்தார். திங்கட்கிழமை அவர் குடிவரவு அலுவலகத்துக்குப் போகவேண்டும். இங்கே இருக்க விடுவார்களா, கொழும்புக்குத் திருப்பி அனுப்புவார்களா என்று அங்கேதான் சொல்வார்கள். அனுப்புவதென்றால் வீட்டுக்கு விடாமல் அங்கேயே பிடித்து வைத்துக்கொள்வார்கள். அது எனக்கும் தெரியும். ஆனால் அந்த ஞாயிறு மத்தியானம் என் கவலை வேறு. தமிழ்க் கடையில் வாடகைக்கு எடுத்த வீடியோ கசெற்றைக் கடைக்காரர் பெட்டி மாற்றி வைத்துவிட்டார். போட்டால், ஒரு மொட்டைக் கிழவர் தலையில் வாளி மாட்டிக்கொண்டு நாலு தடியர்களை உதைக்கிறார். யப்பான் படம். கீழே ஆங்கில எழுத்துகூட ஓடவில்லை.

அப்பா நிறுத்தப் போனார்.

"விடுங்கோ அத்தான். நான் கப்பலில யப்பானுக்குப் போனனான். எனக்கு விளங்கும்" என்றார் மாமா.

அந்த நேரம் பார்த்துக் கிழவர் திடுக்கிட்டு, "நண்டா?" என்று கத்தினார். எங்களுக்கு அப்படித்தான் கேட்டது. எதிரியும் "நண்டா!" என்றான்.

"கேட்டியளே, நண்டாம். கிழவன்ரை நண்டுக் கறியை ஆரோ களவெடுத்திட்டினம்."

"போடா விசரா" என்றார் அம்மா. சில நாட்களாக மாமாவின் சட்டையைத் தோய்ப்பதும் இஸ்திரிப்பெட்டியால் மினுக்குவதுமாக வாயே திறக்காமல் இருந்தவர்.

இன்னொருவன் கதவை உடைத்துக்கொண்டு வந்து விழுந்தான். அவனும் "நண்டா?" என்றான்.

"இவருக்கும் பங்கு வேணுமாம்."

"நண்டுக்கால் ஆருக்கு, தம்பி?" என்று அம்மா கேட்டார்.

"அதுக்குத்தானே அக்கா காலாலை அடிபடுகினம்!"

அம்மா சிரித்துச் சிரித்துச் சோபாவில் சரிந்தார். தேநீர் குடித்துக்கொண்டிருந்த அப்பாவுக்குப் புரைக்கேறியது.

படம் முடிந்ததும் அம்மா, "இன்னொருக்கால் போடு" என்றார். இரண்டாம் முறை மாமா கதையையே மாற்றிவிட்டார். இப்போது நண்டு கிழவருடைய மாமியாருடையது. "முதல் இப்பிடிச் சொல்லேல்லையே!" என்று நான் சண்டை பிடித்தேன்.

"யப்பான் பாசை அப்பிடித்தான், பிள்ளை. திரும்பக் கேட்டால்தான் வடிவா விளங்கும்."

அம்மா மூன்றாம் முறையும் போடச் சொன்னார். அவர் ரீவியைப் பார்க்கவே இல்லை. மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு அடிதடிப் படம் இவ்வளவு பிடிக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் காலையில் அப்பாவும் மாமாவும் போனார்கள். பின்னேரம் இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள்.