பினாங்கு பெர்ரியில் தங்கை சொன்னது

கட்டியை எடுத்த பிறகும் உடம்பில் எங்காவது சில செல்கள் ஒளிந்திருக்குமா? என் தங்கை வசந்தி கேட்டாள். வேதியியல் படித்தவள்தான் நான், பதில் தெரியாது.

அவளுக்கு மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு ஆண்டுகள். போன மாதம் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்தது. முந்தின நாளே கோலாலம்பூரிலிருந்து கிளம்பினேன். எதிர்க்கரை பட்டர்வொர்த்துக்கு ரயிலில் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கே மாக் மண்டின் வட்டாரத்துத் தொழிற்சாலையில் வேலை முடித்து வசந்தி ஸ்டேஷனுக்கே வந்தாள். பெர்ரித் துறை நடக்கும் தூரம்தான். கட்டணம் இரண்டு வெள்ளி.

வழக்கமாக பெர்ரியில் ஏர்கான் குளிர்க்காற்றுக்கு நேர்கீழே போய் நிற்பவள், அன்று வெயில் படும் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"இப்ப உடம்பு கொதிக்கலையா?"

"மாத்திரையை நிறுத்திட்டேன்க்கா. ரெண்டு மாசம். டாக்டர்கிட்ட சொல்லாதே லா, ஏசுவாரு."

அது புற்று திரும்பாமலிருக்க ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை, உடம்பில் வெக்கையைக் கிளப்பும். அப்போதுதான் ஒளிந்திருக்கும் செல்களைப் பற்றிக் கேட்டாள். எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். புற்றை மறுபடி முளைக்கவைப்பவை ஸ்டெம் செல்கள் என்கிறார்கள். அவற்றில் பலவற்றுக்கு ஹார்மோன் சொல்வது நேராகக் கேட்காதாம். கேட்கக்கூடிய பக்கத்து செல்கள்தான் தட்டி எழுப்புகின்றனவாம். ஆய்வுக்கூடத்தில் கண்டது இது. அவள் உடம்பில் அப்படி ஏதும் மிச்சமிருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது.

"எங்க ஃபேக்டரி லைன் மாதிரிதான். சூப்பர்வைசர் மெசேஜ் எனக்கு வராது, பக்கத்துல நிக்கிறவ படிச்சிட்டுக் கத்துவா. அப்ப மாத்திரை என்ன செய்யும்?"

"அவ போனைப் பிடுங்கி வைக்கும்."

சிரித்தாள். கரையேறி தாவ்ஃபூஃபா என்ற சோயாப்பால் இனிப்பு வாங்கப் போனேன். வேண்டாம் என்றாள், சோயாவில் ஹார்மோன் இருக்கிறதாம், ஆபரேஷனிலிருந்து தொடவில்லையாம்.

"மாத்திரையை விட்டுட்டு தாவ்ஃபூஃபாவுக்கு விரதமா?"

"ராத்திரியெல்லாம் வேர்த்து நனைஞ்சு எழும்புறேன்க்கா. காலைல லைன்ல நிக்க முடியல."

அவள் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன்.

இதே காரியமாக வருபவர்கள் முந்தின நாளே வந்துவிடுங்கள். காலையில் தீவுப் பாலத்தை நம்பாதீர்கள், நெரிசல். மாத்திரை சந்தேகங்களை என்னிடம் கேட்காதீர்கள். நிறுத்தியிருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

மறுநாள் அவளுக்காக நான் பேசுவதாக இருந்தேன். வசந்தி உட்காருவதற்கு முன்பே தானே சொல்லிவிட்டாள். டாக்டர் ஏசவில்லை. இரவில் எத்தனை முறை எழுகிறாள் என்று கேட்டார். வேறு மாத்திரை எழுதினார், வெக்கைக்குத் தனியாக ஒன்று. மருந்து வாங்கும் இடத்திலேயே என் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி முதல் மாத்திரையை விழுங்கினாள்.

"பாத்துட்டியா? இனி போன் போட்டு விசாரிக்காதே."

அன்றிரவே போன் போட்டேன். எடுத்தாள்.